உள்ளிழுத்த ஆம்

உமேயோவுக்கு வடக்கே, எங்கள் ஊரில்
'ஆம்' என்று சொல்லக் குரல் வேண்டியதில்லை.
உதட்டைக் குவித்து
ஒரு மிடறு காற்றை உள்ளே இழுத்தால் போதும்.
சூடான கஞ்சியை அவசரமாய் உறிஞ்சியதுபோல்
ஒரு 'ஷுப்'.
வங்கியில் செல்லும். மருத்துவரிடம் செல்லும்.
பாதிரியாருக்குக் காது கேட்குமானால்
கல்யாணத்திலும் செல்லும்.

வால்பரைசோவிலிருந்து வந்த கிராசியேலாவுக்கு
இதை யாரும் சொல்லிவைக்கவில்லை.
சலவைக்கூடத்தில் முதல் வாரம்
"இந்த விரிப்புகள் முடிந்துவிட்டனவா?" என்றாள்.
ஷுப், என்றேன்.
ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

அவள் பேச்சு வேறு ஜாதி.
நம் வாக்கியம் முடியுமுன்
அவள் வாக்கியம் அதன் தோளில் ஏறி உட்காரும்.
கையைப் பிடித்துக்கொண்டுதான்
மழை வருமா என்று கேட்பாள்.
நடுவில் ஒரு நிமிடம் யாரும் பேசாவிட்டால்
ஏதோ செத்துவிட்டதுபோல் பதறி
அதற்கு மூச்சூட்டப் பார்ப்பாள்.

சாப்பாட்டு மேசையில் அவள் அமர்ந்ததும்
இரண்டு பேர் தட்டோடு நகர்ந்தார்கள்.
கோபமெல்லாம் இல்லை.
வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த நாலு சொல்லுக்கு
அங்கே இடமிருக்காதே என்ற கவலை.

விரிப்பு லாரி ஓட்டும் என் தம்பி ஹில்டிங் மட்டும்
நகரவில்லை.
அவள் கப்பல்களைச் சொன்னாள், மலையேறும் படிகளைச் சொன்னாள்,
சித்தி போட்ட மூன்று வழக்குகளையும்
தீர்ப்போடு சொன்னாள்.
உருளைக்கிழங்குத் தோலை உரித்தபடி அவன்
ஷுப்.
ஷுப்.
"உன் தம்பிக்கு நெஞ்சில் ஏதும் கோளாறா?" என்று
என்னைத் தனியே அழைத்துக் கேட்டாள்.
யோசித்துப் பார்த்தேன்.
இருக்கிறது, என்றேன்.

நவம்பரில் அவள் அம்மாவுக்கு முடியாமல் போய்
ஊருக்குப் போனாள்.
கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ராத்திரி தொலைபேசி வந்தது.
நான் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தேன்.
ஒலிவாங்கியில் அவள் குரல் என் அடுப்புவரை கேட்டது:
"நான் திரும்பி வரட்டுமா, ஹில்டிங்?"
அவன் கன்னம் குழிந்தது.
"ஹில்டிங்? இருக்கிறாயா?"
இன்னும் ஆழமாய்க் குழிந்தது.
"சரி. புரிந்தது."

ஒலிவாங்கியை வைத்துவிட்டு என்னிடம் திரும்பி
"வருகிறாளாம்" என்றான்.
அன்றே வாசல் சுவரில்
இன்னொரு கோட்டுக்கு ஆணி அடித்தான்.

ஜனவரி போயிற்று. ஆணி சும்மா இருந்தது.
மூன்றாவது வாரம்தான் எனக்கு உறைத்தது.
"அவளிடம் என்ன சொன்னாய்?"
"ஆம் என்றேன்."
"எப்படி?"
செய்து காட்டினான்.
நாற்பது வருஷம் கேட்ட சத்தத்தை
கடலுக்கு அப்பாலிருந்து அன்று கேட்டேன்.
ஒன்றுமே கேட்கவில்லை.

விடியுமுன் அழைத்தான்.
அங்கே நள்ளிரவு; அவளோ முழு விழிப்பு.
பதினோரு நிமிடம் திட்டினாள்.
மூச்சு வாங்க அவள் நிறுத்துவாள்,
அப்போது பேசலாம் என்று காத்திருந்தான்.
அவள் நிறுத்துகிற பெண்ணில்லை.
பன்னிரண்டாம் நிமிடம்
என் தம்பி குறுக்கே பேசினான்.
எங்கள் ஊரில் அது
கல்லெறிந்து சன்னலை உடைப்பதற்குச் சமம்.
வெளியே விட்ட மூச்சில்
ஒரே ஒரு சொல்.
"வா."

வந்தாள். மார்ச்சில், பெரிய பெட்டியோடு.
இப்போது அவள் ஷுப் என்றால்
அந்தப் பக்கத்திலிருந்து அவள் அம்மா
ஆஸ்துமாவா என்று அலறுகிறாள்.

எல்லோரும் சிரிக்கிறோம். நானும்தான்.
பாத்திரம் கழுவும்போது மட்டும்
ஒரு பேருந்து நிறுத்தம் ஞாபகம் வருகிறது.
சிக்வார்ட் ஒன்று கேட்டான்.
அவனும் எங்கள் ஊர்க்காரன்தான், அவனுக்குத் தெரியும்.
நான் ஆம் என்றுதான் சொன்னேன்.
கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஏறிக்கொண்டான்.

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.